துரை மணியும் நம்ம மணியும்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், “அப்படியா?” என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். உங்களில் ஒன்றிரண்டு பேருக்காவது நினைவிருக்கும். நமக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது ஓர் இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று, கடிகாரங்களையெல்லாம் இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. ஒரு மணி நேரமில்லை, அரை மணியுமில்லை. இருபது நிமிஷம். வேலை முடிந்து பந்து விளையாடத் துரைமார்களுக்கு வெளிச்சம் வேண்டுமாம் என்று பினாங்கு ரோட்டில் பேசிக்கொண்டார்கள். அந்த இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எத்தனை பந்து அடித்தார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு எண் போட்டு, எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதி வைப்பது வேலை. அந்த வேலையைக் கையோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சுவரில் வரிசையாகப் பதினோரு ஆணிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே கறுப்பு மையில் ஓர் எண். குடை மூன்றாம் ஆணியில், விசிறி ஏழாம் ஆணியில். ஏழில் குடை தொங்கினால் வீட்டில் விசாரணை நடக்கும். கூடத்தில் ஒரு பெரிய சிலேட்டு. யார் எத்தனை மணிக்கு எழுவது, யார் எப்போது குளிப்பது, எனக்குப் பல் விளக்க எத்தனை நிமிஷம் என்று அதில் கட்டம் கட்டி எழுதியிருப்பார். சோறு வேக இருபத்திரண்டு நிமிஷம் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அரிசிக்குச் சிலேட்டுப் படிக்கத் தெரியாததால் அது மட்டும் அதன் இஷ்டத்துக்கு வெந்தது.

அம்மா சிலேட்டைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். ஆனாலும் அவள் வேலை ஒருநாளும் பிந்தியதில்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். ரொட்டிக்காரர் மணி அடித்தால் அடுப்பு எரிய வேண்டும். முதல் டிராம் திரும்பும் ஓசை கேட்டால் அப்பாவை எழுப்ப வேண்டும். மூங்கில் துண்டைத் தட்டிக்கொண்டு மீ நூடுல்ஸ் விற்கும் சீனப் பையன் தெருமுனைக்கு வந்தால் விளக்குத் துடைக்க வேண்டும். அவளுடைய நாள் முழுக்கக் காதுக்குள் இருந்தது. அப்பாவோ வீட்டை ஒழுங்காக நடத்துவது தன் சிலேட்டுதான் என்று கடைசிவரை நம்பினார். நாங்களும் நம்பினோம், சிலேட்டு கண்ணுக்குத் தெரிந்ததே.

உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூட விளக்காமல் அப்பா நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்தார். முள்ளை ஒரு விரலால் தள்ளினார். கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்குள் கை நீட்டுபவரைப் போல அவ்வளவு பயபக்தி. கீழே அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“கடிகாரத்தத் தள்ளிட்டீங்க, சரி. ராகுவ யாரு தள்ளுறது?”

“கவர்மெண்டு உத்தரவு. எல்லாரும்தான் தள்ளணும்.”

“ராகு என்ன ஒங்க கிடங்குலயா வேல பாக்குறாரு?”

அன்றைக்கு முழுக்க இதுதான் பேச்சு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது என்றால், அது எந்த ஏழரை? பஞ்சாங்கத்தில் அச்சிட்டபடி புதுக் கடிகாரத்தின் ஏழரைதான் என்றார் அப்பா. கிரகம் நகரவில்லை, முள்தான் நகர்ந்தது, அதனால் புதுக் கடிகாரத்தில் ஏழு ஐம்பது என்றாள் அம்மா. கணக்கில் அம்மாதான் சரி என்று அப்பாவுக்கே பட்டிருக்க வேண்டும். மறுநாள் சிலேட்டை அழித்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டார். இடது பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியில் புது நேரம், வலது பக்கம் சிவப்பில் பழைய நேரம். வெள்ளைக்குத் துரை மணி என்றும் சிவப்புக்கு நம்ம மணி என்றும் அம்மா பெயர் வைத்தாள். “இனிமே யாரும் கொழம்ப முடியாது,” என்றார் அப்பா, கையைத் தட்டிக்கொண்டே.

அந்த வாரம் தெருவே குழம்பித்தான் கிடந்தது. நான் ஒருநாள் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன், மறுநாள் பிரம்படி வாங்கினேன். கோப்பிக் கடையில் ஒருவன் சொன்ன நேரத்துக்கு இன்னொருவன் வரமாட்டான். வந்ததும் இருவரும் சண்டை போடுவார்கள். எங்கள் அடுத்த வீட்டு ராத்தாவுக்கு மட்டும் எந்தத் தொல்லையுமில்லை. அம்மா அவரை அக்கா முறையில் ராத்தா என்பாள், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். அவர் வீட்டுக்காரர் வியாபாரமாக மேடான் போயிருந்தார். அது நோன்பு மாதம். சூரியன் சாய்ந்து பள்ளிவாசலில் நகரா அடித்தால் நோன்பு திறக்க வேண்டும், அதற்குத் துரையைக் கேட்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக் கடிகாரத்தை யாரும் தொடவே இல்லை.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அக்காவுக்குப் பதினெட்டு வயது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதி வேலை கற்றுக்கொள்ள எழுதிப் போட்டிருந்தாள். அப்பா சம்மதித்தது எல்லோருக்கும் ஆச்சரியம். கடிதத்தாளில் எழும் மணி, சாப்பாட்டு மணி என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வருஷம் பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், பிந்தினால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. அந்த வரியின் கீழே அப்பா அளவுகோல் வைத்துக் கோடு போட்டார்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. சுங்கை பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அப்பாவின் தங்கையான என் அத்தை கொண்டுவந்த இடம் அது. அம்மாவுக்கும் அதில் பாதி மனசு இருந்தது. ஆஸ்பத்திரி தப்பினால் தை முடிவதற்குள் பரிசம் போடுவதாகப் பேச்சு. அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாள். ஒருநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் அழுவதைக் கேட்டேன். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அழுதாள், சத்தம் வெளியே கேட்காதென்று நினைத்து.

அக்காவின் தகரப் பெட்டியை அப்பாவே அடுக்கினார். இருபத்துமூன்று சாமான்கள், பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அன்றாடம் எடுப்பது மேலே, முக்கியமானது அடியில் என்பது கிடங்குச் சட்டம். அதன்படி ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீள உறையில் போட்டு, கசங்காமல் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். பெட்டியைப் பூட்டிவிட்டு அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அம்மா சூலத்தை எடுத்தாள். திங்கட்கிழமை கிழக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. ரயில் பிடிக்க ஃபெர்ரியில் அக்கரையிலுள்ள பிறைக்குப் போக வேண்டும், பிறை நமக்குச் சரியாகக் கிழக்கே. தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதுமென்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. பரஸ்தானம் வைத்தே ஆக வேண்டும் என்றாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், பயண நாள் நன்றாக இல்லையென்றால், முந்திய நல்ல நேரத்தில் பயணச் சாமானில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்தக் கணமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு போனால் சூலம் ஒன்றும் செய்யாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் அப்பாவும் அக்காவுமாகப் பெட்டியைத் தூக்கி ராத்தா வீட்டில் வைத்தார்கள். அன்று மத்தியானம் பின்கட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி அம்மா பேசினாள். நான் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“ராத்தா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து பொட்டிய எடுத்துக்கிறோம்.”

“எடுத்துக்க தங்கச்சி. சுபுஹு தொழுதுட்டு உம்மாவப் பாக்க ஒரு எட்டு போவணும், மேலுக்கு முடியாமக் கெடக்கறாங்க. கஞ்சி குடுத்துட்டு ஏழுக்கெல்லாம் வந்துருவேன் லா.”

திங்கட்கிழமை எல்லாம் சிலேட்டின்படி நடந்தது. அக்கா குளித்தாள், சாமி கும்பிட்டாள். அம்மா தன் கையால் ஒரு கரண்டித் தயிரை அவள் வாயில் ஊற்றினாள். ஏழரைக்கு ஃபெர்ரி. ரிக்‌ஷாவில் துறைமுகத்துக்குப் பதினைந்து நிமிஷம். அக்கரையில் அம்மாவின் தம்பி, எங்கள் ரயில்வே மாமா, டிக்கெட்டோடு நிற்பார். அவரேதான் துணைக்கும் போகிறார். துரை மணி ஏழுக்கு ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றது. இன்னும் முழுக்க விடியவில்லை. நாங்கள் ராத்தா வீட்டு வாசலுக்குப் போனோம். கதவில் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது.

அப்பா பூட்டைப் பார்த்தார், பைக் கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டை ஒருதரம் இழுத்தார். “ஏழுன்னு சொன்னியா?” என்று அம்மாவைக் கேட்டார். “ஏழுன்னுதான் சொன்னேன்,” என்றாள் அம்மா. ஐந்து நிமிஷம் போயிற்று. ரிக்‌ஷாக்காரக் கிழவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “லம்பாட் லா, தவுக்கே, லம்பாட்,” என்றார், பிந்துகிறது முதலாளி என்று. அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. கிடங்கில் எத்தனை ஆயிரம் மூட்டைகளை இடம் சொல்லி எடுத்தவர், இன்று கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு கஜ தூரத்தில் இருக்கும் ஒரு பெட்டியை எடுக்க முடியவில்லை.

“பூட்ட ஒடச்சிருவோமா?” என்றார்.

“நோம்பு வச்சிருக்கிற பொம்பளை வீடுங்க,” என்றாள் அம்மா. “வந்துருவாங்க, இருங்க.”

ஏழு பத்துக்கு அக்கா ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். கையில் சின்னத் துணிப்பை மட்டும், அதில் இரண்டு இட்லிப் பொட்டலமும் ஒரு சீப்பும்.

“எறங்கு,” என்றார் அப்பா. “கடுதாசி பொட்டியில இருக்கு. கடுதாசி இல்லாம உள்ள விடமாட்டான்.”

“நேரத்துக்குப் போயி நின்னா, கடுதாசி பின்னால வருதுன்னு சொல்லிக்கலாம்பா. கடுதாசியோட நாளைக்குப் போனா என்னன்னு சொல்லிக்கிறது?”

அம்மா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பொட்டிய எடுக்காமப் போனா நீ கெளம்புனதாவே ஆகாதுடி. பரஸ்தானம் வச்சது என்னாவறது?”

அக்கா அம்மாவின் கையை மெல்லக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். “நான் நேத்தே கெளம்பிட்டேன்லம்மா. அப்படித்தானே சொன்னீங்க? பொட்டி அப்புறமா வரட்டும்,” என்றாள். பிறகு கிழவரிடம், “ஜாலான்,” என்றாள். அவர் ஓடத் தொடங்கினார்.

அக்கா அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கை அந்தப் பித்தளைப் பூட்டின் மேலேயே இருந்தது.

ஏழு இருபதுக்கு ராத்தா தெருமுனையில் வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். “என்ன எல்லாரும் முன்னாடியே வந்து நிக்கிறீங்க? இப்பத்தானே ஏழு?” என்றார். அவர் வீட்டுக் கடிகாரப்படி அப்போதுதான் ஏழு. ஒரு நிமிஷம் முன்பின் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். சிலேட்டில் வெள்ளைப் பத்தியில் ஏழு என்றும் சிவப்புப் பத்தியில் ஆறு நாற்பது என்றும் இருந்தது. வழக்கமாகச் சிலேட்டைப் பார்க்காத அம்மா, மகளுடைய பயணம் என்பதால் அன்று பார்த்திருக்கிறாள். வெள்ளையில் இருந்த ஏழைப் படித்துக்கொண்டு போய், சுவருக்கு மேலே நம்ம மணியில் பேசுகிற ராத்தாவிடம் வெறும் ஏழு என்று சொல்லியிருக்கிறாள். அந்த இருவருக்கும் இடையில் ஏழு என்றால் பழைய ஏழுதான், வேறு ஏழே கிடையாது. அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் நின்றுகொண்டே ராத்தாவைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். ராத்தா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு வாயோடு நின்றார்.

பெருநாளன்று அவர் வழக்கம்போல ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார். நம் தெருக்களில் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டோம், ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம். அம்மா அந்தத் தட்டைக் கழுவி, துடைத்து, வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்தது நான். ராத்தா தட்டைப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தப்பு ஒரு கடுகளவும் இல்லை.

அம்மா வேண்டுமென்றேதான் ஏழு என்று சொன்னாள், சுங்கை பட்டாணி இடம் கைவிட்டுப் போகக்கூடாதென்று செய்தாள் என்று அத்தை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதை நம்பவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் ஒருதரம் கேட்டும் பார்த்தேன். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் கிழவிக்குத் தெருவில் போன ரொட்டிக்காரர்களின் பெயரெல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது.

அன்று அக்கா ஃபெர்ரியைப் பிடித்தாளா என்றுகூட மத்தியானம்வரை எங்களுக்குத் தெரியாது. பிறையிலிருந்து வந்த ஓர் ஆள், மாமா அவளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னான். அப்பா கிடங்குக்குப் போய் வாழ்க்கையில் முதல் தடவையாக லீவு கேட்டார். கேட்டது அவரா என்று பெரிய கிராணி இரண்டுதரம் பார்த்தாராம். சாயங்கால ஃபெர்ரியில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். ராகு காலமா, எமகண்டமா என்று அவரும் பார்க்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை திரும்பி வந்தார். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் இரண்டு நாள் தாடி. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். அக்கா திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருக்கிறாள். கடிதம் இல்லை என்றதும் பெரிய தாதியான வெள்ளைக்காரம்மா முகத்தைச் சுளித்திருக்கிறாள். பட்டியலில் பெயரைப் பார்த்து, வந்த நேரத்தை எதிரே குறித்துக்கொண்டு, மறுநாள் மத்தியானத்துக்குள் கடிதம் வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி ஒரு கட்டிலைக் காட்டியிருக்கிறாள். அப்பா செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். மகளைப் பார்க்க வேண்டும் என்றார். பார்வை நேரம் நாலு மணிக்கு, அதுவும் புதுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம்தான் என்றார்கள்.

பத்திலிருந்து நாலுவரை அப்பா ஆஸ்பத்திரிக்கு எதிரே கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை. போய்விட்டு வருவதற்குள் நாலாகிவிடுமோ என்று பயமாக இருந்ததாம்.

“வெள்ளக் கவுன் போட்டுக்கிட்டு வந்தா,” என்றார். “கேக்கணும்னு மனசுக்குள்ள வரிசையா வச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கல. சாப்டியாம்மான்னு கேட்டேன். சாப்டேன்னா. நீங்க சாப்டீங்களான்னு கேட்டா. சாப்டேன்னேன். அப்பறம் வராந்தாக் கடிகாரத்தப் பாத்தா. நேரமாச்சுப்பான்னு எந்திரிச்சுப் போயிட்டா.”

எங்களையெல்லாம் நேரமாச்சு, நேரமாச்சு என்று விரட்டியே வளர்த்தவர் அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்தவரிடம் இன்னும் ஏதாவது கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று தவிப்பது தெரிந்தது. கேட்க வேறொன்றும் தோன்றாமலோ என்னவோ, “எந்த நாலு மணிக்குப் பாத்தீங்க?” என்றாள். “துரை மணிக்கா, நம்ம மணிக்கா?”

அப்பா நிமிர்ந்து சிலேட்டைப் பார்த்தார்.

“அவ மணிக்கு,” என்றார்.

அம்மா எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டாள்.